பிக்கப்பை எத்தனை அங்குலம் தூக்கலாம்?

அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளாக விற்பனையில் முன்னணியில் நிற்பது ஃபோர்டின் எஃப் சீரிஸ் பிக்கப். பின்னால் திறந்த தொட்டியும் அடியில் லேடர் சேசிஸும் கொண்ட இந்த வகை வண்டி அங்கே பண்ணைக்கும் போகிறது, பள்ளிக்கூட வாசலுக்கும் போகிறது. வாங்கிய கையோடு அதைத் தூக்கிக் கட்டுகிறவர்கள் ஏராளம். வீட்டு வாசலிலேயே பூட்டிவிடக்கூடிய மலிவான ஸ்பேசர் முதல், கிராஸ் மெம்பரை அறுத்து வெல்டிங் வைத்து ஆயிரக்கணக்கான டாலரை விழுங்கும் முழு கிட் வரை, இதற்கென்றே பெரிய சந்தை இருக்கிறது. கடையில் முதலில் எழும் கேள்வி, ‘எத்தனை இன்ச்?’ என்பதுதான். கோளாறு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. வண்டியின் எந்தப் பாகம் உயரப் போகிறது, உயர்ந்த பிறகு எந்தக் கோணம் கெடப் போகிறது, கெட்டதை அந்த கிட் சரிசெய்கிறதா என்று கேட்டுப் பார்த்தால், ஆறு அங்குலம் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இரண்டு அங்குலமே போதும் என்பது விளங்கும். மிச்சப் பணத்தை நல்ல ஷாக் அப்சார்பருக்கும் அகலத்துக்கும் செலவழிப்பது நல்லது.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும் என்பதுதான் தூக்குவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். இது பாதி உண்மை. பின்பக்கம் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில் உள்ள பிக்கப்பில், தரைக்கு மிக அருகில் தொங்குவது நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை மாற்றினாலும், அதன்மேல் கட்டை வைத்தாலும், பாடியை உயர்த்தினாலும் அந்தக் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. ஆக்சில் சக்கரத்தோடு பிணைந்தது. சக்கரத்தின் மையம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் போட வேண்டும். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் மாட்டினால் விட்டத்தில் இரண்டு அங்குலம் கூடுகிறது, ஆக்சிலுக்கு அதில் பாதி, ஒரு அங்குலம் கிடைக்கிறது. பாறையில் மோதுவது டிஃபரன்ஷியல் என்றால், நான்கு அங்குல சஸ்பென்ஷன் லிஃப்ட் அந்த மோதலைத் தடுக்க எதையும் செய்வதில்லை. பெரிய டயர் பாடியில் உரசாமல் சுழல இடம் பண்ணிக்கொடுப்பதுதான் அதன் உண்மையான வேலை.

வயிற்றுப் பகுதி உயர்கிறதே, அது லாபம் இல்லையா என்று கேட்கலாம். லாபம்தான். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது அடி தட்டாமல் இருக்க இரண்டு ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முக்கியம். ஆனால் அங்கே உயரத்தோடு வீல்பேஸும் சேர்ந்து விளையாடுகிறது. நான்கு கதவு எஃப்-150 ஒன்றின் வீல்பேஸ் சுமார் 145 அங்குலம். நடுவில் ஒன்பது அங்குல இடைவெளி இருப்பதாக வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால், அது கடக்கக்கூடிய மேட்டுக் கோணம் 14 டிகிரி. நான்கு அங்குலம் தூக்கினால் 20 டிகிரி ஆகிறது. இரண்டு கதவு ஜீப் ராங்ளரின் வீல்பேஸ் 96.8 அங்குலம், அதே ஒன்பது அங்குல இடைவெளியில், தூக்காமலேயே, அதற்கு 21 டிகிரி கிடைத்துவிடுகிறது. நீளமான வண்டியை வாங்கிவிட்டுக் குட்டை வண்டியின் திறமையை உயரத்தால் ஈடுகட்டப் பார்க்கும்போது எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகிறோம் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

கொடுப்பது எதை? நிலைத்தன்மையை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதை மதிப்பிட ஓர் எளிய வகுத்தலைப் பயன்படுத்துகிறது: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுப்பது. சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவி, பிக்கப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. 66 அங்குல அகலமும் 28 அங்குல உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொண்டால் விடை 1.18. டயரும் ஆக்சிலும் கீழேயே தங்குவதால் நான்கு அங்குல லிஃப்ட்டில் ஈர்ப்பு மையம் முழுதாக நான்கு அங்குலம் ஏறாது. ஆனால் கூடவே பெரிய டயரும் வந்துவிடும் என்பதால் நான்கு என்றே வைத்துக்கொள்வோம். விடை 1.03-க்கு இறங்குகிறது. பழைய 1.18-ஐ மீட்க வேண்டுமானால் வண்டியை ஒன்பதரை அங்குலம் அகலப்படுத்த வேண்டும். ஒரு அங்குலம் மேலே போனால் இரண்டே கால் அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போயாக வேண்டும் என்று பொருள். எந்த லிஃப்ட் கிட்டின் அட்டைப்பெட்டியிலும் இந்த விலை அச்சிடப்படுவதில்லை.

‘நான் நிதானமாகத்தான் ஓட்டுவேன், திருப்பத்தில் வேகம் எடுக்க மாட்டேன்’ என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். தனி வண்டியாகக் கவிழும் விபத்துகளில் சுமார் 95 விழுக்காடு, சக்கரம் எதிலாவது இடறுவதால் நடப்பவை என்று அதே அமைப்பு சொல்கிறது. எதிரே வந்ததைத் தவிர்க்க ஒதுங்கும்போது சக்கரம் சாலையோர மண்ணில் புதைகிறது, அல்லது நடைபாதை விளிம்பில் இடிக்கிறது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய்ச் சாய்கிறது. நிதானமான ஓட்டுநருக்கும் அந்த ஒரு நொடி வரும். 2012 மாடல் முதல் அமெரிக்காவின் இலகு ரக வாகனங்கள் அனைத்திலும் கட்டாயமான எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் காப்பாற்றாதா என்றால், அந்தக் கருவி கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி டயருக்கும் அளவு பார்த்து அமைக்கப்பட்டது. ஆறு அங்குலம் உயர்ந்த வண்டியில் அது வேறொரு வண்டிக்கான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்.

இனி முறைகளுக்கு வருவோம். பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே நைலான் அல்லது அலுமினியக் கட்டைகளை வைத்து நீண்ட போல்ட்டால் முறுக்குவது. ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை செய்வார்கள். ஆஃப்ரோடு வட்டாரங்களில் இதற்கு மரியாதை குறைவு, ஆனால் எனக்கு இதன்மீது மதிப்பு உண்டு. சஸ்பென்ஷன் கோணம் எதையும் இது தொடுவதில்லை, புரோப்பல்லர் ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேசிஸும் கீழேயே தங்குவதால் ஈர்ப்பு மையம் குறைவாகத்தான் ஏறுகிறது. ஒரு அங்குல பாடி லிஃப்ட் பல வண்டிகளில் அடுத்த அளவு டயருக்கு இடம் தந்துவிடும். மூன்று அங்குலத்துக்குப் போனால் கதை மாறுகிறது. பம்பருக்கும் பாடிக்கும் நடுவே வாய் பிளந்ததுபோல் இடைவெளி விழும். ரேடியேட்டர் ஃபேன் உறையோடு பொருந்தாமல் போகும். ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கு நீட்டிப்பு வேண்டும். மோதலின்போது பாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய போல்ட்டுகள் மூன்று அங்குலக் கட்டைக்குள் நீண்டு நின்று வளைவு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். சேசிஸும் பாடியும் ஒன்றாகிவிட்ட மோனோகாக் வண்டிகளில் இந்த முறைக்கே இடமில்லை.

மிக மலிவான முறை முன்பக்க ஸ்பேசர். பிக்கப்புகள் ஷோரூமிலிருந்து வரும்போதே பின்புறம் சற்றுத் தூக்கலாகவும் மூக்கு சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கி மட்டமாகிவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். பார்வைக்கு அது பிடிக்காதவர்கள் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு வட்டத் தகடு வைத்து மூக்கை நிமிர்த்துகிறார்கள். ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் அமர்ந்திருப்பதால் ஒரு அங்குலத் தகடு சக்கரத்தில் இரண்டு அங்குலமாகப் பெருகும். இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்ட்ரட்டின் நீளம் கூடிவிட்டதால் சக்கரம் கம்பெனி நினைத்ததைவிடக் கீழே தொங்குகிறது என்பது. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை அந்தரத்தில் விட்டுப் பார்த்தால், மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்பதையும், பால் ஜாயின்ட் தன் எல்லைவரை மடங்கியிருப்பதையும், சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் பூட் ஒருபக்கம் நசுங்கி மறுபக்கம் இழுபட்டிருப்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கோணத்தைக் குறைக்க டிஃபரன்ஷியலை ஒரு அங்குலம் தாழ்த்தும் உபரிப் பொருளும் விற்கிறார்கள்; தூக்கிச் சம்பாதித்த கிளியரன்ஸில் ஒரு பகுதியை அது திருப்பி வாங்கிக்கொள்கிறது. டார்ஷன் பார் உள்ள பழைய வண்டிகளில் போல்ட்டை முறுக்கியே உயர்த்தலாம், காசே ஆகாது. ஆனால் சக்கரம் கீழிறங்க மிச்சமிருந்த தூரம் தீர்ந்துபோய்ப் பள்ளத்தில் டங்கென்று இடிக்கும். தொட்டியில் பாரம் ஏற்றாத, டிரெய்லர் இழுக்காத வண்டிக்கு ஒன்றரை அங்குலம் வரை ஸ்பேசர் பரவாயில்லை. பாரம் இழுக்கிறவர் மூக்கை மட்டமாக்கிவிட்டால், பாரம் ஏறிய அன்று ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில்தான் நிற்கும்.

பின்பக்கத்து இலை ஸ்பிரிங்குகளில் விவகாரம் வேறு. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ-போல்ட்டால் இறுக்குவது எளிய வழி. கம்பெனிகளே பல பிக்கப்புகளில் சிறிய கட்டை ஒன்றை வைத்துத்தான் அனுப்புகின்றன. கட்டை உயர உயர ஆபத்து தொடங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு ஆக்சிலையும் எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும். பட்டைகளோடு அது ஒட்டி இருக்கும்வரை பட்டைகள் அதைத் தாங்கிவிடும். நடுவில் ஐந்து அங்குலக் கட்டை வந்துவிட்டால் அது நெம்புகோலாகிறது. பட்டையின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமுமாக வளைந்து விட்டுவிட்டு நிமிரும். பின்சக்கரம் துள்ளும், புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் அடிவாங்கும். ஒரு கட்டைமேல் இன்னொன்றை அடுக்குவதும், ஸ்டியரிங் திரும்பும் முன் ஆக்சிலில் கட்டை வைப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாதவை. பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்தக் கட்டையைத்தான் உருட்டப் பார்க்கும். பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை செருகுவது நேர்மையான வழி. பாரம் சுமக்கிறவருக்கு அது வரம், காலி வண்டியில் முதுகை உடைக்கும். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டுவதில் இரண்டு அங்குலம் நீட்டினால் ஒரு அங்குலம்தான் கிடைக்கும், வண்டி பக்கவாட்டில் ஆட்டமும் காணும். பணம் இருந்தால், சரியான வளைவோடு செய்த முழுப் பட்டைத் தொகுதியையே வாங்கிப் போடுவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

நான்கு முதல் ஆறு அங்குல முழு கிட் என்பது தனிச்சக்கர சஸ்பென்ஷனில் ஒரு சிறு அறுவை சிகிச்சை. கிராஸ் மெம்பரை வெட்டி எடுத்து, ஆர்ம்கள் பொருந்தும் இடங்களையும் முன் டிஃபரன்ஷியலையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்கி, உயரமான ஸ்டியரிங் நக்கிள் மாட்டி, பிரேக் ஹோஸை நீட்டுவார்கள். சி.வி. ஜாயின்ட், டை ராட் கோணங்கள் ஏறக்குறைய பழையபடி நிற்கும் என்பதால் ஸ்பேசரைவிட இது பொறியியல் ரீதியாகப் பல மடங்கு மரியாதையான வேலை. ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்: சேசிஸ் ஆறு அங்குலம் மேலே போயிருக்கிறது, முன்பக்க இயந்திர பாகங்கள் முழுவதும் பிராக்கெட்டில் தொங்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. கிளியரன்ஸ் டயரால் கிடைத்தது மட்டும்தான். முன்னாலும் ஒரே தண்டு ஆக்சில் உள்ள ஜீப், ஹெவி டியூட்டி பிக்கப்புகளில் பெரிய லிஃப்ட் சற்று எளிது. அங்கேயும் ஆர்ம்களின் சாய்வு கூடி, ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் குறையும், குறுக்கே ஓடும் டிராக் பார் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும், அதற்கு இணையாக இருக்க வேண்டிய ஸ்டியரிங் தண்டு வேறு கோணத்துக்குப் போய்விட்டால் குழி விழுந்த சாலையில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். நெடுஞ்சாலை வேகத்தில் முன்சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் உதறும் நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. சரிசெய்யாமல் விட்ட கேஸ்டரும் தேய்ந்த டிராக் பார் புஷ்ஷும் அவற்றில் முக்கியமானவை. நீளம் மாற்றக்கூடிய ஆர்ம்களும் டிராக் பாரும் இல்லாத கிட், பாதி வேலைதான்.

கரடுமுரடான நிலத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். செவர்லே 2017-இல் கொலராடோ இஸட்ஆர்2 பிக்கப்பைக் கொண்டுவந்தபோது உயர்த்தியது இரண்டு அங்குலம், அகலப்படுத்தியது மூன்றரை அங்குலம். உயரத்தால் இழந்த நிலைத்தன்மையின் பெரும்பகுதியை அகலம் திருப்பித் தந்தது. ஃபோர்டு ராப்டரின் கிரில்லில் எரியும் மூன்று ஆம்பர் விளக்குகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 80 அங்குல அகலத்தைத் தொடும் வாகனங்களுக்கு அமெரிக்கச் சட்டம் விதிக்கும் அடையாள விளக்குகள் அவை. அந்த அளவுக்கு வண்டியை விரித்திருக்கிறார்கள். 1967-இல் தொடங்கிய பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தில் ஓடும் டிராஃபி டிரக்குகளின் சக்கரம் இரண்டு அடிக்கு மேல் ஏறி இறங்கும், ஆனால் வண்டி நல்ல அகலத்தில் தரையைக் கவ்வியே ஓடும். ராணுவத்தின் ஹம்வீ இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு பல்சக்கரத் தொகுதி வைத்து, ஓட்டுத்தண்டுகளை சக்கர மையத்துக்கு மேலே தூக்கிவிட்டார்கள். 16 அங்குல கிளியரன்ஸ், ஆனால் மொத்த உயரம் ஆறு அடிதான். அகலமோ ஏழு அடி. கியர்பாக்ஸையும் ஓட்டுத்தண்டையும் பயணிகளுக்கு நடுவே ஒரு சுரங்கம் போலக் கட்டி அதற்குள் வைத்ததால் இது முடிந்தது. ஆட்களை உயரத்தில் உட்கார வைக்காமலே கிளியரன்ஸ் பெற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வெறும் வீல் ஸ்பேசர் மாட்டிச் சக்கரத்தை வெளியே தள்ளுவது அகலப்படுத்துவதாகாது, வீல் பேரிங்கின் ஆயுளைத்தான் அது தின்னும். நீளமான ஆர்ம், நீளமான ஆக்சில் என்று முறையாகச் செய்தால்தான் பலன்.

‘என் வண்டி, என் பணம், எனக்கு உயரமாக இருப்பது பிடித்திருக்கிறது’ என்பதுதான் மிஞ்சி நிற்கும் எதிர்வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். அழகுக்காகச் செய்யும் மாற்றங்கள் எல்லாம் குற்றமல்ல. ஆனால் சாலை பொதுவானது. அமெரிக்கக் கார்களின் பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்தில் இயங்க வேண்டும் என்பது அங்கே விதி. பிக்கப்புகளுக்கு அந்த விதி இல்லாததால், மோதலில் அவை கார்களின்மேல் ஏறிவிடுவதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் 2003-இல் தாங்களாகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 2009-க்குள் முன்பக்கக் கட்டமைப்பை அந்த உயரத்துக்குப் பொருந்தும்படி இறக்கினார்கள். ஆறு அங்குல லிஃப்ட் அந்த உழைப்பை ஒரே நாளில் அழித்துவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் சுமார் 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவு இதைவிடக் கனமானது: பானெட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிவான முகப்புள்ள வண்டியைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். இப்போதைய பெரிய பிக்கப்புகள் தூக்காமலேயே அந்த 40 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் ‘கரோலினா ஸ்குவாட்’ பாணியில் ஓட்டுநருக்குச் சாலையைவிட வானம்தான் அதிகம் தெரியும் என்பதால் வட கரோலினா 2021-இலும் வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலினா 2023-இலும் அதைத் தடைசெய்தன. தடை வந்தது சரி.

உயரமா பாதுகாப்பா என்ற இந்தச் சிக்கலுக்கு, தேவைக்கேற்ப உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் ஓர் அழகான விடை. 1992-இல் ரேஞ்ச் ரோவரிலும், 2013 மாடலில் ரேம் 1500 பிக்கப்பிலும் வந்தது. காட்டில் ஏறும், நெடுஞ்சாலையில் இறங்கும். காற்றுக் கசிவும் கம்ப்ரஸர் பழுதும் அதன் விலை.

இந்தியாவில் இந்த ஆசைக்கு வடிகாலாக இருந்தது மாருதி ஜிப்ஸி. நான்கு மூலையிலும் இலைப் பட்டைகள், அவையும் ஆக்சிலுக்கு அடியில். அந்தப் பட்டைகளை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைத்தால் ஒரே அடியில் ஐந்து அங்குலத்தை ஒட்டி உயர்ந்துவிடும், பட்டை பாறையில் மோதுவதும் நிற்கும். ஸ்டியரிங் இணைப்பையும் டிஃபரன்ஷியலின் சாய்வையும் பிரேக் ஹோஸையும் சேர்த்து மாற்றிய வண்டி ஆஃப்ரோடு மைதானத்தில் அற்புதமாக ஏறும். பொதுச்சாலையில் அதற்கு இடமில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளரின் வரையறையை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தார், ஜிம்னி வண்டிகளை வைத்திருக்கிறவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கக்கூடியது இதைத்தான்.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில் ஒருவர் தூக்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் டயர் அளவை முடிவுசெய்யட்டும். 33 அங்குலத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலான பிக்கப்புகளுக்கு இரண்டு அங்குல ஸ்பிரிங், அதற்கேற்ற நீள ஷாக், கோணம் திருத்திய மேல் ஆர்ம், ஃபெண்டரின் உள்விளிம்பில் கொஞ்சம் வெட்டு, இவ்வளவு போதும். 35-க்குப் போகிறவருக்கு வேறு செலவுகளும் காத்திருக்கின்றன: 31-லிருந்து வந்தவரின் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 113-இல் ஓடும், இழுவை குறைவதால் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும், கனமான சக்கரத்தை நிறுத்தப் பிரேக் திணறும். வேலை முடிந்ததும் நான்கு சக்கரங்களையும் அந்தரத்தில் தொங்கவிட்டுப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பி டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அலைன்மென்ட் சீட்டில் கேஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்லைட்டையும், கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமராவையும் புதிய உயரத்துக்குத் திருத்த வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிய பட்டைகள் படிந்து உட்காரும்போது அந்தப் போல்ட்டுகள் தளர்வது வழக்கம்.